வெங்காயம், பூண்டு, பருப்பு இல்லாத சாப்பாடு நம்ம ஊரில் முடியுமா?

கேள்வி: 2024 ஜனவரி 7, இரவு (ஓசூர்)

வயது 27. சிப்காட்டில் வேலை, மெஸ் சாப்பாடு. ரொம்ப நாளாக வயிறு உப்புசம், வலி, காலையில் கம்பெனி பஸ் ஏறுவதற்குள் மூன்று தடவை ஓட்டம். எல்லாம் பார்த்துவிட்டு ஐ.பி.எஸ். (குடல் எரிச்சல் நோய்) என்று சொன்ன டாக்டர் லோ ஃபாட்மேப் (வயிற்றில் வாயு கிளப்பும் சில சர்க்கரைகளைக் குறைக்கும் பத்தியம்) என்று ஒரு பட்டியலைக் கையில் கொடுத்திருக்கிறார். வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், பருப்பு, காலிஃபிளவர், காளான், மாம்பழம், தேன் எதுவும் கூடாதாம். எனக்குச் சொந்த ஊர் மத்தூர் பக்கம், மாந்தோப்புக்குள்ளேயே வளர்ந்தவன். இது வெள்ளைக்காரன் வயிற்றுக்குப் போட்ட கணக்கு, இங்கே நடக்காது என்பது என் முடிவு. முழுசாகச் செய்து முடித்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜனவரி 8

நடக்கும் தம்பி. நான் செய்து முடித்தவள். பாலக்கோடு பக்கம், ஒரே அடுப்பில் எட்டுப் பேருக்கு வேகிற வீடு, பகலில் பள்ளிக்கூட வேலை. மெஸ்ஸைவிட இது சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம்.

அந்தப் பட்டியல் ஆயுசுக்கும் இல்லை. இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரம் வரைதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சாப்பிட்டுப் பார்த்து, நமக்கு எது ஆகிறது, எது எந்த அளவுக்கு மேல் ஆகவில்லை என்று பிடிக்க வேண்டும். முக்கால்வாசி வேலை அதுதான். பட்டியல் கொடுக்கிறவர்கள் இந்தப் பின்பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுவதால்தான் இரண்டு வருஷமாக வெறும் சோறும் கேரட்டும் தின்று மெலிந்து போனவர்களைப் பார்க்கிறோம்.

வெள்ளைக்காரன் கணக்கு என்றது பாதி சரி. மெல்போர்ன் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும் 2005-ல் வைத்த பெயர்தான் ஃபாட்மேப். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில குறுஞ்சர்க்கரைகள் அங்கே தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்கும். இது எல்லார் வயிற்றிலும் நடப்பதுதான். ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்குக் குடலின் உணர்ச்சி அதிகம், அதே அளவு வாயு மற்றவருக்கு வெறும் காற்றாகப் போய்விடும், நமக்கு வலி. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் முதலில் இழப்பது ரொட்டியை. நமக்கு அரிசி அப்படியே நிற்கிறது. இட்லியும் தோசையும்கூட பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கிறது. இழப்பு தட்டில் இல்லை, தாளிப்பில்.

ஜனவரி 8, இரவு

விட்டுப்போனது. கோதுமையை நிறுத்துவதற்கு முன்னால் சீலியாக் நோய்க்கான (கோதுமையில் உள்ள குளூட்டனால் சிறுகுடல் கெடுவது) ரத்தப் பரிசோதனை எடுத்தாரா என்று டாக்டரிடம் கேளுங்கள். நிறுத்திய பிறகு எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டலாம். வட இந்தியா அளவுக்கு இங்கே கிடையாது, ஆனாலும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, இதில் ஒன்று இருந்தாலும் இந்த இழையை மூடிவிட்டு மறுபடி டாக்டரிடம் போங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும், ஏற்கெனவே எடை குறைந்தவர்களும், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களும் இதைத் தனியாகத் தொடங்கக் கூடாது.

ஜனவரி 10

பூண்டு இல்லாமல் குழம்பா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

பூண்டிலும் வெங்காயத்திலும் நமக்கு ஆகாத சர்க்கரைக்கு ஃபிரக்டான் என்று பெயர். அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. சமையலறையில் எனக்குக் கிடைத்த பெரிய விடுதலை இந்த ஒரு வரிதான். நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ காயவைத்து, பூண்டை நசுக்காமல் முழுப் பல்லாகப் போட்டு, பொன்னிறமானதும் ஒன்றுவிடாமல் எடுத்துவிட வேண்டும். அதற்கப்புறம்தான் கடுகு, தக்காளி, தண்ணீர் எல்லாம். வாசனை எண்ணெயோடு இருக்கும், வில்லங்கம் பல்லோடு போய்விடும். குழம்பு கொதிக்கும்போது வெங்காயத்தைப் பெரிய துண்டாகப் போட்டுவிட்டுக் கடைசியில் எடுத்துவிடுகிறேன் என்கிறார்கள். அது ஆகாது, அதற்குள் கரைந்து குழம்பில் இறங்கியிருக்கும். சின்ன வெங்காயமும் இதே கட்சிதான். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைத் தாராளமாகப் போடலாம், வெள்ளையை வெட்டிவிடுங்கள்.

பூண்டு எண்ணெயை அன்றன்றைக்குச் செய்யுங்கள். பூண்டை எண்ணெயில் ஊறவைத்துச் சீசாவில் அலமாரியில் வைப்பது ஆபத்து. பாட்டுலிசம் என்ற உயிராபத்தான நச்சு நோயைத் தரும் கிருமி காற்றில்லாத இடத்தில் வளரும், அதற்கு அது தோதான இடம்.

ஜனவரி 11

பெருங்காயம் பற்றி ஒருவர் கேட்டது நியாயம். டப்பாவில் வருவது சுத்தப் பெருங்காயம் இல்லை, மாவும் பிசினும் கலந்தது. பல தயாரிப்புகளில் கோதுமை மாவு இருக்கும். ஒரு சிட்டிகையில் வரும் ஃபிரக்டான் கொஞ்சம்தான், எனக்கு ஒன்றும் செய்யவில்லை. சீலியாக் உள்ளவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது, அவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தே ஆக வேண்டும்.

கடையில் வாங்கும் மசாலாத்தூளையும் படியுங்கள். பூண்டுத்தூள் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று பார்த்தால் சிரிப்பு வரும். சிப்ஸ் பாக்கெட்டில்கூட.

ஜனவரி 18

பொங்கல் முடிந்தது. இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: பனி மாதம் என்றால் அவரைக்கொட்டை, அவரைக்கொட்டை என்றால் பிதுக்குப் பருப்பு. ராத்திரி ஊறவைத்து, விடியக்காலையில் உட்கார்ந்து தோலைப் பிதுக்கி, கறிக்குழம்பு போல மசாலா அரைத்து வைப்பது. களியோடு அதைத் தின்னாதவன் தருமபுரிக்காரனே இல்லை என்பார் என் மாமனார்.

நான் விலக்கு நடத்திய காலத்தில் அந்தக் குழம்பு வந்தது. பயறு வகைகளில் இருப்பது வேறொரு சர்க்கரை, அதைச் செரிக்கும் என்சைம் எந்த மனுஷனுக்கும் கிடையாது. கூடவே பூண்டும் வெங்காயமும். மாமியார் எனக்கென்று கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்துவிட்டு, கை வலிக்க வலிக்கப் பிதுக்கியதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தொடவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. வயிற்றுக்கு வேண்டாம் என்று சொல்வது சமைத்தவரை வேண்டாம் என்று சொல்வதாகத்தான் கேட்கும். எந்தப் பட்டியலும் இதற்கு வழி சொல்லாது.

பருப்பே வேண்டாம் என்றில்லை. ராத்திரி ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டி, வேகவைத்த தண்ணீரையும் கொட்டினால் அந்தச் சர்க்கரை ஓரளவு அதோடு போய்விடும். ருசியும் போகும், அது வேறு. கொள்ளுச்சாறு குடிப்பவர்கள் கவனிக்க: நீங்கள் குடிப்பதே அந்தத் தண்ணீரைத்தான்.

ஜனவரி 29

"கூட்டுக் குடும்பத்தில் எப்படிச் சமாளித்தீர்கள்?"

நான் சமாளிக்கவில்லை, புரட்டாசி சமாளித்தது. டயட், குடல், சர்க்கரை என்று நான் விளக்கியபோதெல்லாம் மாமியார், "பூண்டு போடாம கொழம்பா? நோவாளி சாப்பாடு கணக்கா இல்ல இருக்கும்" என்றார். எங்கள் வீட்டில் புரட்டாசி சனிக்கிழமை பெருமாளுக்குப் படையல் உண்டு, அன்றைக்கு வெங்காயம் பூண்டு அடுப்படிக்கே வராது. ஒருநாள் நாத்தனார்தான் சொன்னாள்: "அம்மா, அண்ணிக்குத் தினமும் புரட்டாசி சனின்னு வச்சுக்கோயேன்." அவ்வளவுதான். அந்தச் சமையல் மாமியாருக்குக் கைவந்த கலை. புளியோதரை, எலுமிச்சைச் சோறு, மிளகு ரசம், கத்தரிக்காய் வதக்கல், வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. ரசத்துக்கு மட்டும் பருப்புத் தண்ணீர் விடாமல் தனியாக இறக்கித் தருவார். நான் ஒரு வருஷம் பேசியும் நடக்காதது ஒரு வாக்கியத்தில் நடந்தது, அதுவும் என் வாக்கியம் இல்லை.

பிப்ரவரி 4

ஓசூர் தம்பி மெஸ்ஸுக்கு வழி கேட்கிறார். சாம்பாரை மறந்துவிடுங்கள், வெள்ளைச் சோறும் நெய்யும் கேளுங்கள் (நெய்யில் பாலின் சர்க்கரை அநேகமாக இருக்காது). முட்டை, மீன், கோழி, ஆட்டுக்கறி எதிலும் இந்தச் சர்க்கரைகள் இல்லை, தொல்லை மசாலாவில்தான். வெங்காயம் போடாத ஆம்லெட் எந்த மாஸ்டரும் போட்டுத் தருவார், ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். வேர்க்கடலை நம் ஊர்க் காசுக்குக் கிடைக்கும் நல்ல சாப்பாடு. அதில் பூண்டில்லாமல் சட்னி அரைத்து அறையில் வைத்துக்கொண்டால் இட்லி, தோசை, களி மூன்றுக்கும் ஆச்சு. கேரட், முள்ளங்கி, உருளை, வெள்ளரி, கத்தரி பயமில்லை. பழத்தில் பப்பாளி, ஆரஞ்சு, அன்னாசி. வாழைப்பழம் கனிந்து தோல் கறுக்கும் முன்னால்.

வெள்ளைச் சர்க்கரைக்கு இங்கே தடை இல்லை என்பது பலருக்கு ஆச்சரியம். தேன் உடம்புக்கு நல்லது என்று அதற்கு மாறியவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள், அதில் ஃபிரக்டோஸ் தூக்கல்.

பிப்ரவரி 5

களியைப் பற்றித் தனியாக எழுதாமல் இருக்க முடியவில்லை. 2023 மே மாதத்திலிருந்து தருமபுரி ரேஷன் கடையில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் ராகி வாங்கிக்கொள்ளலாம் என்று வந்தது. நீலகிரிக்கும் நமக்கும்தான் முதலில். என் விலக்குக் காலம் முழுவதும் காலைக்கு ராகிதான், என் வயிறு ஒரு நாளும் முறைக்கவில்லை. பாலை நிறுத்துகிறவர்கள் கால்சியத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. மாத்திரைக்கு முன்னால் களியைப் பாருங்கள்.

ஓசூரில் அறையில் களி கிண்ட முடியாது என்பீர்கள். குக்கரில் கூழாகக் காய்ச்சுங்கள். கட்டி தட்டினால் நம்ம ஊர்ப் பேரைக் கெடுக்காமல் யாரிடமும் சொல்லாதீர்கள்.

பிப்ரவரி 20

ரத்தம் எடுத்து இருநூறு உணவுக்கு ஒவ்வாமை பார்த்துத் தருகிறோம் என்று ஒரு பரிசோதனைக்கூடம் விளம்பரம் செய்வதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். என் சக ஆசிரியை ஒருவர் செய்தார். அரிசி சிவப்பு, முட்டை சிவப்பு, தக்காளி சிவப்பு, அவர் இதுவரை பார்த்தே இராத ஏதோ மீன் மட்டும் பச்சை.

இது ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருளை அளக்கும் பரிசோதனை. ஒரு பொருளை நாம் அடிக்கடி சாப்பிடுகிறோம் என்பதற்குத்தான் அது சாட்சி, ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு இல்லை. உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய, அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர் சங்கங்களே சொல்லிவிட்டன. தினம் அரிசி தின்கிறவருக்கு அரிசி சிவப்பாக வராமல் வேறெப்படி வரும்? அந்தப் பணத்துக்கு மோனாஷ்காரர்களின் செயலியை வாங்கிப் போனில் போட்டுக்கொள்ளலாம், எந்த அளவு வரை பச்சை, எங்கே சிவப்பு என்று கிராம் கணக்கில் காட்டும். நம் காய்கறி சில அதில் இருக்காது, அதற்கு உங்கள் வயிறுதான் செயலி.

மார்ச் 10

தம்பி எழுதியிருப்பது: "அக்கா, வயிறு அமைதியாகிவிட்டது. டாக்டர் சொன்ன கெடுவும் தாண்டிவிட்டது. இப்படியே இருந்துவிடுகிறேன், எதற்கு வம்பு."

இந்த இழையில் எனக்குக் கோபம் வருகிற ஒரே இடம் இது. விலக்குவதற்கு வீம்பு போதும், திரும்பச் சேர்க்கத்தான் தைரியம் வேண்டும். நம்மை வதைக்கிற இதே சர்க்கரைகள்தான் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்குத் தீனி. இந்தப் பத்தியத்தில் பிஃபிடோபாக்டீரியா குறைகிறது என்று ஆராய்ச்சிகளிலேயே வந்திருக்கிறது. தவிர, வெங்காயம் ஆகவில்லையா, பால் ஆகவில்லையா, இரண்டும் ஆகிறதா என்று தெரியாமலேயே எல்லாவற்றுக்கும் பயந்து காலம் தள்ளுவது எதற்கு?

முறை இதுதான். ஒரு நேரத்தில் ஒரு வகை. பால் என்றால் முதல் நாள் கால் டம்ளர், மறுநாள் அரை, அதற்கு மறுநாள் முழு டம்ளர். வலி வந்தால் அங்கேயே நிறுத்தி, அடங்கியபின் அடுத்த வகை. வராவிட்டாலும் இரண்டு மூன்று நாள் இடைவெளி. முக்கியமாக, சோதனை நடக்கும்போது மற்ற சாப்பாடெல்லாம் பழைய பத்தியம்தான். பால் ஆகிவிட்டது என்று குஷியில் அடுத்த வாரம் பாலையும் சப்பாத்தியையும் சேர்த்துச் சோதித்தால், வலி வரும்போது யாரைப் பிடிப்பீர்கள்? பாலாடை போட்ட கோதுமைப் பாயசம் சோதனை ஆகாது, அதில் இரண்டு வகை இருக்கிறது. பூண்டு, வெங்காயம், கோதுமை மூன்றிலும் ஃபிரக்டான்தான், ஆனாலும் தனித்தனியாகப் பாருங்கள், மூன்றும் ஒரே மாதிரி நடப்பதில்லை.

மார்ச் 11

என் தீர்ப்புகளைக் கேட்டவர்களுக்கு: பால் ஒரு டம்ளர் வரை ஆகிறது. அதை விலக்கியிருந்தபோது டீயில்லாமல் சகலரிடமும் எரிந்து விழுந்தேன், அத்தனையும் வீண். இரண்டு சப்பாத்தி ஆகும், இரண்டு பரோட்டா ஆகாது. வெங்காயம் வதக்கியது கொஞ்சம் ஆகும், பச்சை ஆகாது. பூண்டு சுத்தமாக ஆகாது. துவரம்பருப்பு ஒரு கரண்டி. அவரைக்கொட்டை பற்றிப் பேச்சை எடுக்காதீர்கள்.

இது என் வயிறு. உங்களுக்குப் பால் ஆகாமல் பூண்டு ஆகலாம்.

ஏப்ரல் 21

வெயிலில் பள்ளிக்கூடத் தேர்தல் பணி முடித்து வந்து யோசித்ததில் ஒரு மறுயோசனை. இந்த இழை முழுக்கச் சர்க்கரையையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கிறேன். மிளகாயில் ஃபாட்மேப் பிரச்சினை இல்லை, ஆனால் அதன் காரம் குடலைத் தனியாகவே சீண்டும். வெறும் வயிற்றில் ஸ்டிராங் காபியும் அப்படித்தான். போன மூன்று நாளும் பத்தியம் தவறவில்லை, கட்டியிருந்த பொட்டலம் வீட்டுச் சோறுதான். தூக்கமில்லை, நேரத்துக்குச் சாப்பாடில்லை, கழிப்பறை எங்கே என்ற கவலை. வயிறு பழையபடி ஆடிவிட்டது. குடலும் மூளையும் ஓயாமல் பேசிக்கொள்கின்றன என்று டாக்டர் சொன்னபோது, மனசுதான் காரணம் என்று தட்டிக்கழிக்கிறார் என்று எரிச்சலாக இருந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. பத்தியம் கைகொடுக்காதவர்கள் இன்னும் நாலு பொருளை வெட்டுவதற்கு முன்னால் தூக்கத்தையும் சாப்பிடும் நேரத்தையும் பாருங்கள்.

ஜூன் 16

மத்தூர்த் தம்பிக்கு மாம்பழக் காலம். மாம்பழத்தில் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ் அதிகம், அந்த உபரிதான் உறிஞ்சப்படாமல் தங்குகிறது. எல்லாருக்கும் இது ஆகாது என்றில்லை. அவர் செந்தூராவில் தொடங்கினாராம். முதல் நாள் ஒரு கீற்று, மறுநாள் இரண்டு, மூன்றாம் நாள் "தோப்பில் நின்றுகொண்டு எண்ணவில்லை அக்கா." ஒன்றும் ஆகவில்லை! இந்தப் பையன் ஜனவரியில் எழுதிய கேள்வியைப் படித்துவிட்டு இதைப் படியுங்கள். அவருக்கு ஆகாதது கோதுமையும் காலிஃபிளவரும் என்று தெரிந்திருக்கிறது, அதாவது மெஸ்ஸின் சப்பாத்தியும் கோபி மஞ்சூரியனும். அதை விலக்கியதற்கு யாரும் அழப் போவதில்லை.

பொறாமையில் நானும் பெங்களூரா ஒன்றை அறுத்தேன். எனக்கு இரண்டு கீற்றுதான் கணக்கு.

ஜூலை 2

நெல்லிக்காய் சாப்பிடலாமா என்று கேட்டவருக்கு: அதியமான் கையில் கிடைத்ததைத் தான் சாப்பிடாமல் ஔவைக்குக் கொடுத்தான். நம்ம ஊர் ராஜாவுக்கும் வயிற்றில் ஏதோ இருந்திருக்கும்.

நிஜப் பதில்: ஒன்றில் பாதி தின்று பாருங்கள்.

ஜூலை 29

ஆடிக் கூழுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ராகிக் கூழைத் தாராளமாகக் குடிக்கலாம், மோர் புளித்ததாக இருந்தால் இன்னும் நல்லது. புளிக்கப் புளிக்கப் பாலின் சர்க்கரை குறையும். சிலர் கூழிலேயே வெங்காயத்தை வெட்டிப் போட்டுவிடுகிறார்கள், ஊற்றுவதற்கு முன்னால் பானையை எட்டிப் பாருங்கள்.

பிள்ளைபெற்ற தங்கைக்கு ஐ.பி.எஸ். என்று எழுதியவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரசவப் பத்தியம் என்று பூண்டுக் குழம்பாக ஊட்டுகிறார்களாம், அவளுக்கு அது ஆகவில்லையாம். பால் கொடுக்கும் நேரத்தில் பெரிய விலக்கு எதுவும் வேண்டாம். பூண்டை மட்டும் எண்ணெயில் பொரித்து எடுத்துவிட்டு அதே குழம்பை வைக்கச் சொல்லுங்கள், பாட்டிக்கும் வாசனை வந்துவிடும். மற்றதை டாக்டரிடம் கேளுங்கள்.

அக்டோபர் 6

காலாண்டு விடுமுறையில் வீட்டோடு ஒகேனக்கல். அங்கே மீன் நாமே வாங்கிக் கொடுத்தால் வறுத்தும் குழம்பு வைத்தும் தரும் பெண்கள் இருக்கிறார்கள், தெரிந்ததுதான். வெளியூர்ச் சாப்பாட்டில் நான் பயப்படாத ஒரே இடம் இதனால்தான், கண்ணெதிரே அடுப்பு. என் பங்கு மீனுக்கு இஞ்சி பூண்டு விழுது வேண்டாம், மஞ்சள், உப்பு, கொஞ்சம் மிளகாய்த்தூள், எலுமிச்சை மட்டும் என்றேன். அந்த அம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வவுறா?" என்று ஒரே சொல்லில் கேட்டார். ஆமாம் என்றேன். தன் வயிற்றைப் பற்றி அரைமணி நேரம் சொன்னார், அவர் பாலில் ஆரம்பித்துச் சோதித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

மசாலா குறைந்ததால் சமையல்கூலி குறையுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டுப் பார்த்தார். குறையவில்லை. தனி வாணலி வைத்ததற்குப் பத்து ரூபாய் கூட.